பஜ்ஜிச் சட்டி எண்ணெயில் பயோடீசல்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வீட்டில் பயோடீசல் செய்யும்போது தவறு நடப்பது ஓரிடம், அது வெளியே தெரிவது வேறோரிடம். செய்த பயோடீசலைத் தண்ணீரில் கழுவும்போது மோராகக் கலங்கினால் கழுவிய விதத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். பெரும்பாலும் கோளாறு அதற்கு முந்தைய வினையில், அதாவது எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் சேர்த்துப் பயோடீசலாக்கும் படியில், இருக்கும். வினை களியாக உறைந்தால் அதற்கும் முந்தைய டைட்ரேஷனிலோ (எண்ணெயின் அமிலத்தை அளக்கும் சோதனை) எண்ணெயில் இருந்த ஈரத்திலோ இருக்கும். எஞ்சின் வடிகட்டி திரும்பத் திரும்ப அடைத்தால் கழுவலில் தேட வேண்டும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஒரு படி பின்னால் போய்த்தான் தேடியிருக்கிறோம்.

கணக்குகள் எல்லாம் 20 லிட்டர் பழைய பாமாயிலுக்கு. தமிழ்நாட்டில் பஜ்ஜிக் கடை, சிப்ஸ் கடை, விடுதிச் சமையலறை என்று எங்கே கேட்டாலும் அதிகம் கிடைப்பது அதுதான். பெரிய உணவகங்களின் எண்ணெய் கிடைக்குமென்று நம்ப வேண்டாம். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்துபவர்கள் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

சரியாக வந்தால் எப்படி இருக்கும்

வடிகட்டி ஈரம் போக்கிய எண்ணெய் 20 லிட்டர். மெத்தனால் 4.4 லிட்டர், அதாவது எண்ணெயின் கன அளவில் 22 சதவீதம். வினையில் செலவாவது இதில் பாதிக்குச் சற்று மேல்தான். மீதி வினையை முன்னோக்கித் தள்ளுவதற்கு; மிச்சம் பிடிக்கிறோம் என்று அதில் கை வைக்காதீர்கள்.

காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) எண்ணெய் லிட்டருக்கு 7 கிராம், அதோடு டைட்ரேஷன் எண்; அதை எடுக்கும் முறை கீழே. இந்த 7 கலப்பில்லாத பொட்டாஷுக்கு. வாங்கிய பொட்டாஷ் செதிலின் சுத்தம் 85 சதவீதம் என்றால் 7 ஐ 0.85 ஆல் வகுத்து 8.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். டைட்ரேஷன் 3 வந்தால் லிட்டருக்கு 11.2 கிராம், 20 லிட்டருக்கு 224 கிராம். டைட்ரேஷன் கரைசலையும் அதே செதிலில் செய்திருந்தால் அந்த 3 ஐ மறுபடி வகுக்கக் கூடாது. சுத்தக் குறைவு அதிலேயே அடங்கிவிட்டது. காரம் கூடிப்போவதற்கு இந்த இரட்டை வகுத்தல் ஒரு வழக்கமான காரணம்.

காஸ்டிக் சோடாவிலும் செய்யலாம். லிட்டருக்கு 5 கிராமும், சோடாக் கரைசலில் எடுத்த டைட்ரேஷன் எண்ணும். விலை குறைவு, ஆனால் பாமாயிலுக்கு அது தொல்லை பிடித்தது. ஏன் என்பது கீழே வரும்.

காரத்தை மெத்தனாலில் முழுக்கக் கரைத்து, 55 டிகிரியில் இருக்கும் எண்ணெயில் சேர்த்து, ஒரு மணி நேரம் விடாமல் கலக்கி நிறுத்துங்கள். கால் மணியில் அடியில் கருப்பாக இறங்கத் தொடங்கும். இரவு முழுக்க விட்டால் அடியில் 3.5 முதல் 4.5 லிட்டர் வரை கருப்பட்டிப் பாகு போன்ற கிளிசரின், மேலே தேன் நிறத்தில் நீர்த்த திரவம். மேலே உள்ளது கடுங்காப்பி நிறத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நிறம் பழைய எண்ணெயின் நிறம். தரத்தைச் சொல்வது அதன் நீர்த்த தன்மை. பத்து மி.லி. சிரிஞ்சில் இழுத்துத் தானாக ஒழுகவிட்டால், பயோடீசல் மூல எண்ணெயைவிடப் பல மடங்கு வேகமாக ஒழுக வேண்டும்.

கை வைக்கும் முன்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த சாராயத்தில் இருந்தது மெத்தனால்தான். குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் இந்த வேலையே தொடங்காதீர்கள். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. மெத்தனால் திறந்திருக்கும் இடத்தில் கேஸ் அடுப்பு, விறகு, பீடி எதுவும் கூடாது. பெயின்ட் கலக்கும் மின் துளைப்பானும் கூடாது. அதன் கார்பன் பிரஷ் ஓடும்போதெல்லாம் பொறி விடும். கலக்குவதற்குப் பொறி விடாத இண்டக்ஷன் மோட்டார் பம்ப் சரி.

மெத்தனாலில் காரம் கரைத்த கலவை எலும்பு வரை அரிக்கும், வலி தாமதமாகத்தான் தெரியும். தடித்த ரப்பர் கையுறை, முகக்கவசக் கண்ணாடி, பக்கத்தில் ஓடும் தண்ணீர் மூன்றும் வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து மருத்துவமனைக்குப் போங்கள். வினிகர் ஊற்றாதீர்கள்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேன். அலுமினிய அண்டாவும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியும் காரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும்.

டைட்ரேஷன் எண் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வருகிறது

முறை இது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1.0 கிராம் பொட்டாஷ். கண்ணாடிக் குவளையில் 10 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இரண்டு சொட்டு பினாப்தலீன் என்ற நிறங்காட்டி. அதில் 1 மி.லி. எண்ணெய். பொட்டாஷ் நீரைச் சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு 15 விநாடி நிலைத்தால் நிறுத்துங்கள். செலவான மி.லி. எதுவோ, அதுவே லிட்டருக்குக் கூடுதலாக வேண்டிய கிராம்.

எண் ஆடுவதற்கு முதல் காரணம் அந்த 1 மி.லி. எண்ணெய்தான். குழகுழப்பான எண்ணெயைச் சின்னச் சிரிஞ்சில் எடுத்தால் 0.1 மி.லி. பிசகுவது சாதாரணம், அதுவே பத்து சதவீதப் பிழை. 50 மி.லி. ஆல்கஹாலில் 5 மி.லி. எண்ணெய் எடுத்து, விடையை ஐந்தால் வகுங்கள்.

இரண்டாவது, ஆல்கஹாலே கொஞ்சம் புளிப்பேறியிருக்கும். எண்ணெய் விடுவதற்கு முன்பே அதில் ஒன்றிரண்டு சொட்டு பொட்டாஷ் நீர் விட்டு நிறம் எட்டிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அந்தப் பிசகு கணக்கில் சேராது.

மூன்றாவது, பழைய பொட்டாஷ் நீர். காற்றிலுள்ள கரியமில வாயுவை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வீரியம் குறையும். வீரியம் குறைந்த நீர் அதிகம் செலவாகும், எண் கூடிக் காட்டும், நீங்கள் காரத்தைக் கூட்டுவீர்கள், வினை களியாகும். மாதம் ஒருமுறை புதிதாகக் கலக்குங்கள்.

நான்காவது பாமாயிலுக்கே உரியது. குளிர்ந்த காலையில் டின்னின் அடியில் வெண்மையாக உறைந்து, மேலே மட்டும் தெளிந்து நிற்கும். மேலாக மொண்டு எடுத்துச் சோதித்தால் அது அந்த டின்னின் எண் ஆகாது. முழு டின்னையும் 50 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்கிய பிறகே மாதிரி எடுங்கள்.

பினாப்தலீன் கிடைக்கவில்லையா? மஞ்சள் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு போதும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பது எதனாலோ, அதே நிறமாற்றம்தான் இங்கும். எண்ணெய் ரொம்பக் கருத்திருந்தால் எந்த நிறமும் மறைந்துபோகும்; ஆல்கஹாலை இரண்டு மடங்காக்குங்கள்.

பொட்டாஷ் எண் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை சதவீதம் தனிக் கொழுப்பு அமிலத்தை (எண்ணெய் கெடும்போது பிரியும் அமிலம்) குறிக்கும். 2, 3 நல்ல எண்ணெய். 5 தாண்டினால் சோப்பு கணிசமாக வரும். 7 தாண்டினால் நேரடியாக வினையில் இறங்காதீர்கள். நல்ல எண்ணெயோடு கலந்து எண்ணைக் குறைக்கலாம். இல்லையென்றால் முந்தைய தடவை பொட்டாஷில் செய்த தொகுதியின் கிளிசரினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இன்னும் காரம் மிச்சமிருக்கும். 20 லிட்டர் கெட்ட எண்ணெயில் 3, 4 லிட்டர் கிளிசரினை மூடிய கலத்தில் 55 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி, இரவு அடங்கவிட்டு, அடியில் இறங்கியதை வடித்துவிடுங்கள். அமிலத்தில் ஒரு பங்கு சோப்பாகி அதோடு போய்விடும், கொஞ்சம் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மறுபடி டைட்ரேஷன் செய்து பாருங்கள், எண் இறங்கியிருக்கும். குப்பையென்று கொட்டுகிற பொருளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. அதில் மெத்தனாலும் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எண்ணெய் தோசைக்கல்லில் படபடக்கிறது

சூடேறிய தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் சத்தமின்றிப் பரவ வேண்டும். படபடத்தாலோ ஓரத்தில் நுரைமுத்து கட்டினாலோ ஈரம் இருக்கிறது. துல்லியமாக வேண்டுமென்றால் 500 கிராம் எண்ணெயை எடை போட்டு, 130 டிகிரிக்குச் சூடாக்கி, குமிழி நின்றதும் மறுபடி எடை பாருங்கள். குறைவு அரை கிராமுக்குள் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். இரண்டு சோதனையும் அடுப்பில் நடப்பவை. மெத்தனால் கேன் வேறு இடத்தில், மூடியபடி இருக்கட்டும்.

பஜ்ஜி எண்ணெயில் ஈரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் கடலைமாவுக் கசடில். அதனால் முதலில் வடிகட்டுங்கள், பிறகு ஈரம் போக்குங்கள். 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பழைய வேட்டித் துணி இரண்டு மடிப்பில் வடிகட்டி, ஒரு நாள் அடங்கவிட்டு, அடியிலிருந்து அரை லிட்டரை ஒதுக்கிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மிச்சத்தை 110 டிகிரி வரை கிளறியபடி சூடாக்கித் தீர்க்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், பால்போல் பொங்கும். முடித்த பிறகு 55 டிகிரிக்கு ஆறவிடுவது கட்டாயம். மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி. அதைவிடச் சூடான எண்ணெயில் ஊற்றினால் ஒரே வீச்சில் ஆவியாகிக் கலத்தைத் தூக்கியடிக்கும்.

ஒரு மணி நேரம் கலக்கியும் இரண்டாகப் பிரியவில்லை

வினை நடக்கவே இல்லையா, நடந்தும் பிரியவில்லையா என்பதுதான் முதல் கேள்வி. மேலே சொன்ன சிரிஞ்ச் ஒழுகலைப் பாருங்கள். மூல எண்ணெய்போலவே மெதுவாக ஒழுகினால் வினை நடக்கவில்லை. வேகமாக ஒழுகியும் கிளிசரின் இறங்கவில்லையென்றால் சோப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

நடக்கவில்லை என்றால் சந்தேகத்தை முதலில் காரத்தின் மேல் வையுங்கள். பொட்டாஷ் செதில் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி அடைமழையில் மூடி சரியாக இறுகாத டப்பா ஒரு வாரத்தில் கசகசவென்றாகிவிடும். எடை சரியாக இருக்கும், ஆனால் அதில் பாதி தண்ணீரும் கார்பனேட்டும். ஒரு கிலோவாக வாங்கி, 250 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் அடைத்து, ஒருமுறைக்கு ஒரு பொட்டலம் என்று திறப்பது நல்லது. அடுத்தது கரையாத காரம். மெத்தனால் கேனின் அடியில் துணுக்குகள் கிடந்தால் அவ்வளவும் வினைக்கு வரவில்லை என்று பொருள். பொட்டாஷ் பதினைந்து நிமிடம் குலுக்கினால் கரையும், சோடா இன்னும் நேரம் எடுக்கும். மூன்றாவது சூடு. 20 லிட்டர் சின்னக் கலம், ஒரு மணி நேரத்தில் பத்து டிகிரி விட்டுவிடும். பழைய கம்பளிச் சாக்கைச் சுற்றுங்கள்.

சரிசெய்ய, முழுக் கலத்திலும் ஊகத்தில் காரத்தைக் கொட்டாதீர்கள். 500 மி.லி. கலவையை எடுத்து, 25 மி.லி. மெத்தனாலில் 1 கிராம் புதிய பொட்டாஷ் கரைத்துச் சேர்த்து, மூடியுள்ள தடித்த கேனில் சூடாகக் குலுக்கிப் பாருங்கள். பிரிந்தால் அதே விகிதம் முழுக் கலத்துக்கும்.

சோப்புதான் பிடித்து வைத்திருக்கிறது என்றால் கலத்தை மூடியபடி 50, 55 டிகிரியில் சில மணி நேரம் வைத்தாலே பல தொகுதிகள் தாமாகப் பிரியும். நல்ல தொகுதியின் கிளிசரின் ஒரு லிட்டர் சேர்த்து மெதுவாகக் கலக்குவதும் உதவும். சோப்பு தனக்குப் பிடித்த கிளிசரினோடு சேர்ந்து இறங்கிவிடும்.

எல்லாம் களியாகிவிட்டது

கரண்டி நிற்கும் அளவுக்கு உறைந்தால் காரணம் மூன்றில் ஒன்று: காரம் கூடிவிட்டது, எண்ணெயில் தண்ணீர் இருந்தது, தனி அமிலம் எக்கச்சக்கம். மூன்றும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன, சோப்பு. காரத்தோடு தண்ணீரும் சேர்ந்தால், ஏற்கெனவே உருவான பயோடீசலையே உடைத்துச் சோப்பாக்கும். நடந்ததை எப்படி வேறுபடுத்துவது? மிச்சம் வைத்த மூல எண்ணெயில் தோசைக்கல் சோதனையும் புதிய கரைசலில் டைட்ரேஷனும் செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் அரை லிட்டர் மூல எண்ணெயைத் தேதி எழுதி ஒதுக்கிவைக்கும் பழக்கம் இதற்குத்தான்.

முழுக் களியை மீட்பது பெரும்பாலும் உழைப்புக்குக் கட்டாது. 200 மி.லி. எடுத்துச் சூடு, கிளிசரின் என்று பாருங்கள். பிரியவில்லையென்றால் திறந்த வெளியில், தீயில்லாத இடத்தில், ஆளும் ஆடும் அணுகாதபடி பல நாள் பரப்பி வைத்து மெத்தனாலைப் போக்கிய பிறகு தரை கழுவும் சோப்பாகத்தான் அது உதவும். உடம்புக்கு ஆகாது.

பிரிந்தது, ஆனால் 3/27 தேறவில்லை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை, கழுவுவதற்கு முன்பே செய்ய வேண்டியது. 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் விடுங்கள். பயோடீசல் மெத்தனாலில் கரையும், வினையாகாத எண்ணெய் கரையாமல் அடியில் சொட்டாக நிற்கும். 0.1 மி.லி. சொட்டு என்றால் ஏறத்தாழ 3 சதவீதம் எண்ணெய் அப்படியே இருக்கிறது.

சோதனை 20 டிகிரிக்கு வகுத்தது. சித்திரை வெயிலில் 36 டிகிரியில் செய்தால் மிச்ச எண்ணெயும் கரைந்து, தேறாததும் தேறியதாகக் காட்டும். குழாயை மண்பானைத் தண்ணீரிலோ ஐஸ் சேர்த்த நீரிலோ வைத்து 20க்குக் கொண்டுவாருங்கள். ரொம்பக் குளிர வைத்தாலும் ஆகாது, பாமாயில் பயோடீசலே உறையத் தொடங்கி உங்களை வீணாகப் பயமுறுத்தும். இன்னொரு வரம்பும் இதற்கு உண்டு. முழுசாக மாறாத எண்ணெயை மட்டும்தான் இது காட்டும். பாதி மாறி மோனோகிளிசரைடு, டைகிளிசரைடாக நிற்பவை மெத்தனாலில் கரைந்து தப்பிவிடும். ஆகவே மயிரிழையில் தேறியதைத் தேறாததாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

மறுவினைக்கு முன் கிளிசரினை முழுக்க வடித்துவிடுங்கள். இந்த வினை இரு திசையிலும் ஓடக்கூடியது. கிளிசரின் கூடவே இருந்தால் பின்னால் இழுக்கும். பத்து சதவீதம் வரை மிச்சமென்றால் 20 லிட்டருக்கு 1 லிட்டர் மெத்தனால், 30 கிராம் பொட்டாஷ், 55 டிகிரி, ஒரு மணி நேரம். டைட்ரேஷன் எண்ணை இப்போது மறுபடி சேர்க்க வேண்டாம். அமிலமெல்லாம் முதல் சுற்றிலேயே சோப்பாகிவிட்டது.

அடிக்கடி தேறாமல் போகிறதா? தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள். காரக் கலவையில் 80 சதவீதத்தை முதலில் ஊற்றி ஒரு மணி நேரம், கிளிசரினை வடித்து, மீதி 20 சதவீதத்தை ஊற்றி மறுபடி ஒரு மணி நேரம். ஒரு துளி மெத்தனால்கூடக் கூடாமல் மாற்றம் கூடும்.

கிளிசரின் குழாயை அடைக்கிறது

சோடாவில் செய்த கிளிசரின் ஆறினால் மெழுகாக இறுகும், பாமாயிலில் இன்னும் சீக்கிரம். சூடு இருக்கும்போதே வடியுங்கள். அடைத்துவிட்டால் வால்வுக்கு வெளியே வெந்நீர்த் துணி சுற்றுங்கள், தீ காட்ட வேண்டாம். பொட்டாஷில் செய்தால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கழுவினால் மோராகக் கலங்குகிறது

தண்ணீரும் எரிபொருளும் பிரியாமல் வெளுத்த குழம்பாக நின்றால் உடனே கலக்குவதை நிறுத்துங்கள். சோப்பும் பாதி மாறிய கிளிசரைடும் சேர்ந்துதான் இதைக் கட்டுகின்றன. முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு பாட்டிலில் 150 மி.லி. பயோடீசல், அதே அளவு தண்ணீர், பத்து விநாடி மூர்க்கமாகக் குலுக்குங்கள். அரை மணிக்குள் தெளிவாக இரண்டாகப் பிரிந்தால் தைரியமாகக் கழுவலாம். நடுவே தடித்த வெள்ளை ஏடு நின்றால் 3/27க்குத் திரும்பிப் போங்கள், கழுவல் அதைக் குணப்படுத்தாது.

கலங்கிவிட்டதைப் பிரிக்க, முதலில் 50 டிகிரிக்குச் சூடு. போதாவிட்டால் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கல்லுப்புக் கரைத்து மேலே தெளித்து, கிளறாமல் விடுங்கள். கடைசி ஆயுதம் வினிகர். அது சோப்பை உடைக்கும், ஆனால் உடைந்த சோப்பு தனி அமிலமாகி எரிபொருளுக்குள்ளேயே தங்கும். அந்த எரிபொருள் உலோகத்தை அரிக்கும். வினிகரால் மீட்டதை மூல எண்ணெயோடு கலந்து மறுபடி வினைக்கே அனுப்புவது உத்தமம்.

நல்ல தொகுதியிலும் முதல் கழுவலில் கலக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர் 6 லிட்டரைப் பூவாளியால் மழைபோல் மேலே தூவி இறங்கவிடுங்கள். இரண்டாவதில் மெதுவாகக் கிளறலாம், மூன்றாவதில் நன்றாகவே. கழுவிய நீர் தெளியும்வரை, வழக்கமாக மூன்று நான்கு தடவை.

நம்மூருக்கே உரிய ஒரு கோளாறு: போர் தண்ணீர். உப்பும் சுண்ணமும் ஏறிய கடினநீரில் துணி சோப்பு நுரைக்காமல் பிசுபிசுப்பாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் பொட்டாஷ் சோப்பு கால்சியம் சோப்பாக மாறிச் சாம்பல் நிறப் பாசிபோல் இடையில் மிதக்கும். அது தண்ணீரில் கரையாது, எத்தனை தடவை கழுவினாலும் போகாது, எஞ்சின் வடிகட்டியில்தான் போய் நிற்கும். முதல் கழுவலுக்கே மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். முதல் கழுவலில்தான் சோப்பு அதிகம், அங்கே போர் தண்ணீரை விட்டுவிட்டுக் கடைசிக்கு நல்ல தண்ணீர் வைப்பது தலைகீழ்.

கழுவல் போதுமா என்று எண்ணில் தெரிய வேண்டுமானால்: 100 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 10 கிராம் எரிபொருள், சில சொட்டு புரோமோபினால் நீலம் என்ற நிறங்காட்டி, 0.01 நார்மல் வீரியத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நீலம் மஞ்சளாகும்வரை செலவான ஒவ்வொரு மி.லி.யும் 320 பிபிஎம் (பத்து லட்சத்தில் 320 பங்கு) பொட்டாஷ் சோப்பு. சோடா என்றால் 304. தர விதிகளில் வரும் 5 பிபிஎம் பொட்டாசியம் வரம்பு ஏறத்தாழ 41 பிபிஎம் சோப்புக்குச் சமம். அதாவது ஒரு மி.லி.யில் எட்டில் ஒரு பங்கு அமிலம். ஒரு சொட்டிலோ இரண்டிலோ மஞ்சளானால் நிறுத்தலாம்.

கழுவி முடித்தும் கலங்கல்

அது தண்ணீர். 55 டிகிரிக்குச் சூடாக்கி, பம்பால் ஏற்றி, மெல்லிய தாரைகளாகக் காற்றில் விழவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் தெளியும். கழுவலில் மெத்தனால் போய்விட்டாலும் இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். கோவை, மதுரைப் பக்கம் கோடையில் அகலமான எவர்சில்வர் அண்டாவில் வெயிலே போதும். சென்னை, தூத்துக்குடிக் கடற்காற்றில் வெயில் மட்டும் போதாது. காற்றே ஈரம், கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

தெளிந்துவிட்டால் உலர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பயோடீசல் ஆயிரம் பிபிஎம் அளவுக்குத் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமலே கரைத்து வைத்துக்கொள்ளும், விதி அனுமதிப்பது 500. சூட்டில் தெளிந்தது, ஆறியதும் மறுபடி மங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆறிய பிறகும் செய்தித்தாள் எழுத்து பாட்டில் வழியே பளிச்சென்று தெரிய வேண்டும்.

காலையில் வெள்ளையாக உறைந்திருக்கிறது

40 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிடுங்கள். சூட்டில் கண்ணாடிபோல் தெளிந்து, ஊட்டிக் குளிரில் மட்டும் திரும்ப வெளுத்தால் அது தவறே இல்லை, பாமாயிலின் குணம். பாமாயில் பயோடீசல் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே மேகமிடத் தொடங்கும். சமவெளியில் வருஷம் முழுக்க ஓடும் எரிபொருள் கொடைக்கானல் மார்கழி இரவில் தொட்டியிலேயே மெழுகாகும். டீசலில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், அல்லது அந்தக் காலத்துக்கு மட்டும் சூரியகாந்தி எண்ணெயில் செய்யுங்கள்.

எரிபொருள் அளவு குறைவாக வருகிறது

20 லிட்டர் எண்ணெய்க்கு 18, 19 லிட்டர் உலர்ந்த எரிபொருள் வந்தால் நல்லது. 16க்குக் கீழே போனால் சோப்பாகிக் கழுவலில் போயிருக்கிறது. டைட்ரேஷன், ஈரம் இரண்டையும் பாருங்கள்.

எஞ்சினில்

ஓட்டிப் பார்க்க ஏற்றது வயல் ஆயில் எஞ்சின், பழைய ஜெனரேட்டர் போன்ற எளிய இயந்திரம். பி.எஸ்.6 வாகனத்தில் வீட்டு பயோடீசல் வேண்டாம். அவற்றில் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தாமதமாகத் தெளிக்கும் எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் இறங்கும். டீசல் ஆவியாகி வெளியேறும், பயோடீசல் தங்கிவிடும், ஆயில் மட்டம் ஏறும்.

வடிகட்டி முதல் சில டின்களிலேயே அடைத்தால் எரிபொருளைக் குறை சொல்லாதீர்கள். பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய தொட்டியில் வருஷக்கணக்காகப் படிந்த டீசல் கசடைக் கிளப்பிக்கொண்டு வரும். இரண்டு வடிகட்டி கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது முறையும் அடைத்தால் அப்போது கழுவலைச் சந்தேகியுங்கள். அடைத்ததைத் தொட்டுப் பாருங்கள்: கருப்பு மண் என்றால் தொட்டிக் கசடு, வழவழவென்று வெந்நீரில் நுரைத்தால் சோப்பு, சூட்டில் உருகினால் மெழுகு.

ரப்பர் குழாய் ஊதி ஒழுகத் தொடங்கினால் எரிபொருள் தாங்கும் வைட்டான் ரப்பர் குழாய்க்கு மாறுங்கள். இழுவை கொஞ்சம் குறைவது இயல்பு, லிட்டருக்கு டீசலைவிட எட்டு சதவீதம் அளவுக்கு ஆற்றல் குறைவு. அதைவிட அதிகமாகக் குறைந்து, இன்ஜெக்டர் முனையில் கரி கட்டினால் 3/27 தேறாததை ஊற்றியிருக்கிறீர்கள்.

இதைச் சொந்த எஞ்சினுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு 2019 இல் மத்திய அரசு வகுத்த தனி விதிமுறைகளும் அனுமதியும் உண்டு.

வைத்த எரிபொருளில் புளிப்பு வாடை

காற்றில் கெட்டுவிட்டது. பாதி நிரம்பிய கேன், வெயில், பித்தளை வால்வு அல்லது செம்புக் குழாய் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். செம்பு இந்தச் சிதைவை வேகப்படுத்தும். அடியில் கருப்புக் கோழையாக இருந்தால் தண்ணீர் தேங்கி நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. புளித்ததை டீசலில் கலந்து தப்பிக்க நினைக்காதீர்கள். கரைந்திருந்த பிசின் டீசல் பட்டதும் திரிந்து இறங்கும். வாயளவு நிரப்பிய எச்.டி.பி.இ. கேனில், நிழலில், தயாரித்த தேதி எழுதி வைத்து, மூன்று மாதத்துக்குள் எரித்துவிடுங்கள். துடைத்த எண்ணெய்த் துணிகளைக் குவித்துப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், குவியல் தானாகவே பற்றிக்கொள்ளும்.